வெறுங்கழுத்து

கழுத்தில் தாலி இல்லாமல் இருப்பது முதல் நாள் முழுக்க மகேஸ்வரிக்கு ஒரு குறும்புச் சுகமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிற பிள்ளைக்கு இருக்குமே, அந்த மாதிரி. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அந்தச் சுகம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

தாலியை அவள் தொலைக்கவில்லை, விற்கவில்லை. குர்லாவில் ஹமீது பாய் பட்டறையில் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான். புதிதாகக் கோத்து வாங்குவதற்கு.

மகேஸ்வரிக்கு நகைப் பைத்தியம் என்று தாராவியில் அவள் கட்டடத்துப் பெண்கள் சொல்வார்கள். அது பாதிதான் சரி. கடையில் இருப்பதை இருக்கிறபடி வாங்கி மாட்டிக்கொள்ள அவளுக்கு ஆகாது. கைக்குழந்தையில் போட்ட வெள்ளிக் கொலுசு ஒன்று அம்மா வீட்டில் சும்மா கிடந்தது. அதை எடுத்து வந்து, பாந்த்ரா நடைபாதையில் வாங்கிய கறுத்த உலோகச் சங்கிலியோடு சேர்த்து வளையலாக்கிக்கொண்டாள். ஜோடி தொலைந்துபோன ஒற்றைச் சிவப்புக்கல் தோடு மோதிரமானது. கல்யாணத்துக்குப் போட்ட கல் அட்டியலை ஜீன்ஸ் சட்டைக் காலருக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பு மேஜை அவளுக்கு. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் ஊசியை மறந்து அவள் கழுத்தைப் பார்த்தார்கள்.

எடுத்த எடுப்பிலேயே இதெல்லாம் கைகூடி வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் அள்ளிப் போட்டுக்கொண்டு போவாள். கூட வேலை பார்க்கும் கோவண்டிக்காரி சபா, “யே கோன்சா துகான் சல் கே ஆயா?” என்று, ஏதோ கடையே நடந்து வந்துவிட்ட மாதிரி, கேட்டுச் சிரித்த சிரிப்பில் அன்றைக்கே பாதியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அப்புறம்தான் அவளுக்கென்று ஒரு கணக்கு பிடிபட்டது. ஒன்று பழசு, ஒன்று புதுசு, மிச்ச இடம் சும்மா கிடக்கட்டும். அதை வைத்துக்கொண்டு எந்த உடுப்போடும் நிற்கலாம் என்று தைரியம் வந்திருந்தது.

தைரியம் வந்த கை சும்மா இருக்குமா? தாலியில் போய் நின்றது.

ரயிலில் போகிற பெண்கள் செய்கிற காரியத்தைத்தான் அவளும் செய்திருந்தாள். செயின் அறுக்கிறவனுக்குப் பயந்து, மாட்டுங்காவில் வாங்கிய நீளமான கவரிங் செயினில் தாலியைக் கோத்து, சட்டைக்குள் போட்டிருந்தாள். தாலி அசல், செயின் போலி. அது அங்கே இருப்பது அவளுக்கும் அவள் சட்டைக்கும்தான் தெரியும். அந்தச் சின்னத் தங்கத் தாலியை எடுத்து, கறுப்புப் பாசிகளுக்கு நடுவே, மெல்லிய வெள்ளிக் கம்பியில், தொண்டைக்குழி ஓரமாக நிற்கிற மாதிரி கோத்தால் எப்படி இருக்கும்? இதை நினைத்து நினைத்து அவள் காகிதத்தில் வரைந்து பார்த்திருந்தாள். புருஷன் மாரிக்கண்ணனிடம் காட்டினாள்.

“நல்லாத்தான் இருக்கு. செஞ்சுக்கோ,” என்றான் அவன். “ஆனா அம்மா முன்னால போட்டுக்கிட்டு நிக்காத. மொதல்ல நான் பேசிக்கிடுதேன்.”

அம்மா என்பது கனகவள்ளி. அந்த ஒரு பேரில்தான் மகேஸ்வரியின் பயம் குடியிருந்தது.

மாமியார் கொடுமைக்காரி ஒன்றுமில்லை. அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டாள். ஆனால் காலையில் மகேஸ்வரி வேலைக்குக் கிளம்பும்போது, சமையல் மேடையில் கையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்ப்பாள். காதைப் பார்ப்பாள், கையைப் பார்ப்பாள், கடைசியில் கழுத்துக்கு வந்து அங்கேயே நிற்பாள். நல்லா இருக்கு என்றும் சொல்லமாட்டாள், கழற்று என்றும் சொல்லமாட்டாள். கனகவள்ளியின் கழுத்தோ, துடைத்து வைத்த தட்டு மாதிரி வெறுமையாக இருந்தது. புருஷன் பூலோகம் இறந்ததிலிருந்து ஒரு கருகமணிகூட அதில் ஏறியதில்லை.

பூலோகம் சயான் பக்கத்தில் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயிலில் அடிபட்டுச் செத்தவர். அப்போது மாரிக்கண்ணன் அரைக்கால் சட்டை போட்ட பையன். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்றைக்கு கனகவள்ளியின் தாலி அவள் கழுத்தில் இல்லை என்பது கீழ்வீட்டுக் கலைச்செல்வி மட்டும் காதோடு காதாகச் சொன்ன கதை. வளையம் தேய்ந்துவிட்டதென்று பட்டறையில் கொடுத்திருந்தாளாம். அது திரும்பி வரும்வரை ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக்கொள்வது எங்கேயும் உள்ள வழக்கம். ஒரு ராத்திரிக்குத்தானே என்று அதைக்கூடக் கட்டாமல் விட்டுவிட்டாளாம். “அதான் ஆளத் தூக்கிட்டு,” என்றாள் கலைச்செல்வி. மகேஸ்வரிக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ரயிலுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அந்தக் கோபம்தான் ஹமீது பாய் பட்டறையிலும் அவளைப் பேசவைத்தது. ஹமீது மேலப்பாளையத்துக்காரர். தாலியையும் அதோடு இருந்த தங்கக் குண்டுகளையும் இரண்டு பவளத்தையும் கழற்றி வெள்ளைத் தாளில் வைத்தவர், இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“மஞ்சக் கெழங்கு கட்டிட்டு வரலையாம்மா? எங்க தெருவுல அக்காமாரெல்லாம் அதக் கட்டிக்கிட்டுதானே இதக் கழட்டுவாங்க.”

“அதெல்லாம் எதுக்கு பாய்? நாளைக்குச் சாயங்காலம் தந்துருவீங்கள்ல?”

“இன்ஷா அல்லாஹ்,” என்றார் பாய்.

வெறும் கவரிங் செயினை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிடரியில் செயின் தெரிந்தால் போதும், நுனியில் தாலி தொங்குகிறதா என்று யார் உள்ளே எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? கனகவள்ளி அன்று ராத்திரி சோறு போடும்போது பிடரியைப் பார்த்தாள். செயின் இருந்தது. மகேஸ்வரி ரசத்தை இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மாரிக்கண்ணன் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு முலுண்டுக்குப் போனான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடத்து லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற ஆள், சொந்தக் கட்டடத்து லிஃப்ட் ஓடாமல் தினம் நாலு மாடி படியேறி வருகிறவன். மதியம் போனில் பேசினான். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

“லிஃப்ட் குழியில தண்ணி நெறஞ்சு போச்சு மகேசு. எறங்கிப் பாக்கணும். சாப்டியா?”

“கரண்ட ஆஃப் பண்ணிட்டு எறங்குங்க.”

“சொல்லிட்டாப்பா பெரிய இன்ஜினியரு,” என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அதற்கப்புறம் அவன் போன் எடுக்கவில்லை. முதலில் அடித்தது. பிறகு அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் குரல் மராத்தியில் சொல்லத் தொடங்கியது. இந்த நாளில் அந்தக் குரலைப்போல ஈவிரக்கமில்லாத குரல் வேறு கிடையாது. கம்பெனிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

வரவேற்பறைச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மிதக்கிற கார்கள், தண்ணீரில் மூழ்கின தண்டவாளம். அடியில் ஒரு வரி ஓடியது. முலுண்டில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் அறுந்து விழுந்து தொழிலாளி ஒருவர் பலி. மகேஸ்வரி எழுந்து டிவிக்குக் கிட்டே போய் நின்றாள். அந்த வரி மறுபடி வந்தது. பேர் இல்லை. கட்டடத்துப் பேரும் இல்லை.

“முலுண்ட் மே கித்னா பில்டிங் ஹை, பாகல்!” என்று சபா அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். “டென்ஷன் மத் லே.”

சரிதான். முலுண்டில் கட்டடங்களுக்குப் பஞ்சமா? லிஃப்டுக்குப் பஞ்சமா? அவள் புத்திக்கு இது நன்றாகவே தெரிந்தது. ஆனால் கை புத்தியைக் கேட்கவில்லை. அது தானாகப் போய்ச் சட்டைக்கு மேலே நெஞ்சைத் தடவிப் பார்த்தது. வழக்கமாக விரலில் தட்டுகிற அந்தச் சின்ன மேடு அங்கே இல்லை.

நம்பிக்கை இல்லாதவளுக்குப் பயம் வராது என்று எவன் சொன்னானோ தெரியாது. சாமி இல்லை என்கிறவளுக்குப் பயம் வந்தால் அதைக் கொண்டுபோய் வைக்க இடம் கிடையாது, முழுவதையும் தானே சுமக்க வேண்டும். மகேஸ்வரி அன்றைக்கு அதைச் சுமந்தாள். தாலியைப் போய் வாங்கி மாட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. கிறுக்குத்தனம் என்று தெரிந்தே பையை எடுத்தாள். அதற்குள் ஹமீது பாயே கூப்பிட்டுவிட்டார்.

“கடைக்குள்ள இடுப்பளவு தண்ணிம்மா. ஒன் சாமான் பத்திரமா மேல்தட்டுல இருக்கு. நான் பக்கத்து மாடியில நிக்கேன். இன்னைக்குக் குர்லா பக்கமே வந்துராத.”

போனதே, அந்த வழியும்.

ரயில் இல்லை, பஸ் இல்லை. செம்பூரிலிருந்து நடந்தாள். சயான் பாலத்தடியில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. முன்னே போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு காலைத் தடவித் தடவி வைத்தாள். நடக்க நடக்க ஒரு படம் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அவள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. கலைச்செல்வி அவள் கழுத்தைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணின் காதில் குனிகிறாள். அவர் வந்துரட்டும், வந்தால் போதும், இனிமேல் இந்தக் கறுப்புப் பாசியும் வேண்டாம், வெள்ளிக் கம்பியும் வேண்டாம் என்று யாரிடமோ வாய்விட்டே கெஞ்சினாள். கெஞ்சினதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் பட்டாள். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

வீட்டில் டிவி ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. கனகவள்ளி அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த வரி அங்கேயும் ஓடியிருக்கிறது. கனகவள்ளிக்கு மராத்தி படிக்க வராது, ஆனால் லிஃப்ட் படத்தைப் படிக்க எழுத்து எதற்கு?

“அவன் போன எடுக்க மாட்டேங்கான்,” என்றாள்.

“குழியில வேல அத்த. உள்ள நெட்வொர்க் கெடைக்காது.” தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது மகேஸ்வரிக்கே அதிசயமாக இருந்தது.

“நனஞ்சு கெடக்கியே. இரி, தலையத் துவட்டு.” துண்டை எடுத்து வந்து கனகவள்ளியே துவட்டத் தொடங்கினாள். சடையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். துண்டில் செயின் சிக்கியது. மகேஸ்வரி சட்டென்று நெஞ்சில் கையை வைத்து அமுக்கினாள். அந்த அமுக்கல்தான் காட்டிக்கொடுத்துவிட்டது. கனகவள்ளி துண்டை விட்டாள். விரலால் செயினைப் பின்னாலிருந்து இழுத்தாள். அது தடையில்லாமல் மேலே வந்தது. முழுவதும் வந்தது. வெறும் கவரிங் செயின்.

“எங்கட்டி?”

“பட்டறையில.”

“எப்ப குடுத்த?”

“நேத்து.”

“மஞ்ச கட்டலையா?”

மகேஸ்வரி இல்லை என்று தலையை ஆட்டினாள். அடி விழும் என்று நினைத்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கனகவள்ளி அடிக்கவில்லை, கத்தவில்லை. அவள் முகத்திலிருந்து ரத்தமெல்லாம் வடிந்து, அந்த முகம் சின்னதாகிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் மகேஸ்வரி உண்மையாகவே பயந்தாள்.

கனகவள்ளி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். பொங்கலுக்கு வாங்கிக் கட்டிய மஞ்சள் கொத்து காய்ந்துபோய்க் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கிழங்கை ஒடித்தாள். பிறகு நேராக மகேஸ்வரியின் நகைப் பெட்டியைத் திறந்து, இரண்டாவது தட்டின் அடியில் கையை விட்டுப் பாசி கோக்கிற வெள்ளை நூல்கண்டை எடுத்தாள். அது அங்கே இருக்கிறதென்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று மகேஸ்வரி அப்போது யோசிக்கவில்லை. நூலை முறுக்கி, மஞ்சள் பொடியைக் குழைத்துத் தடவி, கிழங்கை நடுவில் வைத்து இறுக்கினாள். எல்லாம் முடிந்ததும் ஒரு தட்டில் வைத்து, தட்டைத் தள்ளினாள்.

“நீயே கட்டிக்கோ. இல்லன்னா கலைச்செல்விய வரச் சொல்லுதேன், அவ கட்டட்டும். எங்கையி படக் கூடாது.”

“ஏன்?”

“ஏன்னா கேக்க?” கனகவள்ளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “அன்னைக்கு எங்கழுத்துல கழட்டதுக்கு ஒண்ணுமில்லட்டி. பதினாறாம் நாளு, தாலியக் கழட்டணும்னு பொம்பளைகள்லாம் சுத்தி உக்காந்திருக்காளுவ. தாலி இல்ல. பட்டறையிலருந்து அத வாங்கிட்டு வந்து, எங்கழுத்துல போட்டு, பெறகு கழட்டுனாளுவ. போடும்போது ஒருத்தி சொல்லுதா, இவதான் முன்கூட்டியே கழட்டி வச்சிட்டாளேன்னு. எங்காதுல விழட்டும்னே சொன்னா.”

இந்த வீட்டுக்கு வந்த நாளாக மகேஸ்வரி இதை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. கலைச்செல்வி சொன்ன கதையிலும் இது இல்லை. புதிதாகச் செய்து வந்த வளையத்தோடு தாலியைக் கழுத்தில் போட்டு, உடனே கழற்றியிருக்கிறார்கள்.

அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத நம்பர். மகேஸ்வரியின் விரல் திரையில் வழுக்கியது. ஆஸ்பத்திரி, போலீஸ், கம்பெனி என்று அந்த ஒரு நொடிக்குள் மூன்று பேரையும் பார்த்துவிட்டாள்.

“மகேசு, நான்தான்.” மாரிக்கண்ணன் குரல். “என் போனு குழிக்குள்ள விழுந்துட்டு. இது வேற ஒருத்தர் போனு. டிவி பாத்தியளா? அது நாங்க பாத்த பில்டிங் இல்ல, அம்மாட்ட சொல்லு. ட்ரெயின் குர்லாவுலயே நின்னுட்டு. எல்லாரும் தண்டவாளத்துல எறங்கி நடக்காங்க, நானும் நடந்து வாரேன்.”

“ரோட்டுல வாங்க...” என்பதற்குள் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தால் போகவில்லை.

“உயிரோட இருக்காரு அத்த! வாராரு!” என்று திரும்பினாள். கனகவள்ளி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எந்த வழியா வாரான்?”

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவள் முகமே சொல்லிவிட்டது.

“தண்டவாளத்துலயா?” என்றாள் கனகவள்ளி. “சயான் வழியாவா?”

அந்த வீட்டில் அதற்குமேல் யாராலும் உட்கார முடியவில்லை. ரயில் ஓடாதபோது தண்டவாளத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று மகேஸ்வரி சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, தண்ணீர் வடிவதால் சில ரயில்கள் மெல்ல மெல்ல இயக்கப்படுகின்றன என்று டிவியில் வரி ஓடியது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு ரயில் வந்துகொண்டிருந்தது. கனகவள்ளி டிவியை அணைத்தாள். அணைத்த பிறகு பார்க்கவும் எதுவுமில்லை, மழைச் சத்தம் மட்டும் இருந்தது, அது இன்னும் மோசமாக இருந்தது.

தட்டில் மஞ்சள் கயிறு கிடந்தது.

“கட்டுட்டி,” என்றாள் கனகவள்ளி. “ஒன் கால்ல விழுதேன், கட்டு.”

மகேஸ்வரி கயிற்றை எடுத்தாள். கட்டிக்கொள்ளத்தான் எடுத்தாள். எடுத்த பிறகு அவளுக்கு வந்தது பயமா வீம்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தான் கட்டி, அவர் வந்து சேர்ந்தால், கட்டியதால் வந்தார் என்று ஆகும். அப்படியானால் அன்றைக்கு மாமா வராததற்கும் இதோ இந்தக் கிழவிதான் காரணம் என்று ஆகிவிடும். இவள் அதை நம்பிக்கொண்டேதான் இத்தனை வருஷமும் சோறு பொங்கிப் போட்டிருக்கிறாள். கயிற்றை மாமியார் கையில் வைத்து, அந்தக் கையை மூடினாள்.

“நான் கட்டமாட்டேன். நீங்க கட்டுங்க.”

“அறிவு கெட்டவளே, நான் தாலி அறுத்தவட்டி!”

“அதனாலதான். இல்லன்னா வெறுங்கழுத்தாவே இருக்கேன்.”

கனகவள்ளியின் கண்ணில் அப்போது இருந்த பீதியை மகேஸ்வரி சாகும்வரை மறக்கமாட்டாள். கழுத்து வெறுமையாக இருக்க ஒவ்வொரு நிமிஷமும் மகன் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருக்கிறான். கட்டினாலோ, கட்டியது அறுத்தவள் கை. இரண்டில் எது கொல்லும்? அவள் வாய் கோணியது, ஒரு சத்தம் வந்தது, அழுகைகூட இல்லை அது. பிறகு மகேஸ்வரியின் பின்னால் போய் மண்டியிட்டாள். கவரிங் செயினைக் கழற்றித் தூர எறிந்தாள். ஈரக் கயிறு கழுத்தைச் சுற்றி வந்தது. முடிச்சுப் போட்டாள், நழுவியது, திரும்பப் போட்டாள், நழுவியது.

“மாரி... மாரி...” என்று பிள்ளை பேரா அம்மன் பேரா என்று தெரியாமல் முணுமுணுத்துக்கொண்டே இறுக்கிவிட்டாள்.

முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவிழ்ந்துவிடும் என்று பயந்தவள்போல இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தாள். மகேஸ்வரியும் அசையவில்லை. முன்னால் ஒருத்தியும் பின்னால் ஒருத்தியுமாக இருவரும் படிக்கட்டைக் கேட்டார்கள். முதல் மாடிவரை வந்த செருப்புச் சத்தம் அங்கேயே ஒரு வீட்டுக்குள் போய்விட்டது. பிறகு வந்தது ஒரு குழந்தை ஓடுகிற சத்தம். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. தன் பிடரியில் மாமியாரின் உள்ளங்கை வேர்ப்பதை மகேஸ்வரி உணர்ந்தாள்.

கடைசியில் ஒரு கால் ஏறி வந்தது. இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கியது. “த்சக்” என்று யாரோ லிஃப்ட் கதவை எரிச்சலோடு தட்டினார்கள். இந்தக் கட்டடத்தில் செத்துப்போன லிஃப்டை ஒவ்வொரு நாளும் தட்டிப் பார்த்துவிட்டு ஏறுகிற ஆள் ஒருவன்தான் உண்டு.

மாரிக்கண்ணன் உள்ளே வந்தபோது தொடை வரைக்கும் சேறாக இருந்தான். அம்மாவையும் பெண்டாட்டியையும் தரையில் அந்தக் கோலத்தில் பார்த்தான். மகேஸ்வரியின் கழுத்தில் கிழங்கைப் பார்த்தான்.

“என்ன ரெண்டு பேரும் எனக்கு மறுபடி கல்யாணம் பண்ணுதியளா?” என்றான்.

கனகவள்ளி எழுந்துபோய் அவன் ஈரச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கவே இல்லை, பன்னும் டீயும் கீழேயிருந்து வந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு மகேஸ்வரி குர்லாவுக்குப் போனாள். வேண்டாம் என்று கெஞ்சின கறுப்புப் பாசி, வெள்ளிக் கம்பி எல்லாம் அவள் வரைந்தபடியே தயாராக இருந்தது. வாங்கிக்கொண்டாள், கெஞ்சினதற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஒரு மாற்றம் மட்டும் சொன்னாள். மஞ்சள் கிழங்கைக் கழற்றிக் கொடுக்காமல், கழுத்தில் இருந்தபடியே அளவெடுக்கச் சொல்லி, அதன் தலையில் மாட்டுகிற ஒரு வெள்ளிக் குப்பி செய்து, கிழங்கைத் தாலிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு வாங்கினாள். மறுநாள் சபா அதைத் தூக்கிப் பார்த்து, “யே நயா ஹை, கஹாங் மிலா?” என்று அந்தப் புதுசு எங்கே கிடைத்தது என்று கேட்டாள். மழை பெய்கிற நாளில் போன் எடுக்கப்படாவிட்டால் மகேஸ்வரியின் கை இப்போதும் அதற்குத்தான் போகிறது. இருக்கிறது என்று தெரிந்த பிறகும் பயம் போவதில்லை.

புதிய தாலியோடு அவள் வீட்டுக்கு வந்த அன்று கனகவள்ளி சமையல் மேடையில் கையை ஊன்றிக்கொண்டு வழக்கம்போலப் பார்த்தாள். கழுத்தில் வந்து நின்றாள். மகேஸ்வரி ஒளிக்கவில்லை, துப்பட்டாவை ஒதுக்கிக் காட்டினாள்.

“இதென்ன?” என்று மேஜையில் இருந்த காகிதப் பொட்டலத்தைக் காட்டிக் கேட்டாள் கனகவள்ளி.

“பழைய செயின்ல இருந்த குண்டும் பவளமும். இந்த டிசைன்ல இது சேராது அத்த. மிச்சம்.”

கனகவள்ளி பொட்டலத்தைப் பிரித்தாள். குண்டுகளை ஒதுக்கிவிட்டு இரண்டு பவளத்தை மட்டும் உள்ளங்கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள். ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே என்று வைத்துப் பார்த்தாள், அப்புறம் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு வைத்துப் பார்த்தாள். காலைகளில் தன் கழுத்தில் வந்து நின்ற பார்வை என்ன பார்வை என்று மகேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது தட்டின் அடியில் நூல்கண்டு இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்பதும்.

“இத வெள்ளிக் கம்பியில கோத்துத் தருவாராட்டி ஒங்க பாய்?” என்றாள் கனகவள்ளி, தலையைத் தூக்காமல். “ரொம்ப எடுப்பா வேண்டாம். ரெண்டு மட்டும். மிச்ச எடம் சும்மா கெடக்கட்டும்.”

“யாருக்கு அத்த?”

“எனக்குத்தான்.”

சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று விருட்டென்று போய் வாசல் கதவைச் சாத்தினாள்.